வளைகாப்பு நாளில் ஏறிய பிரஷர்: ஒரு தந்தையின் கேள்விகளுக்கு விரிவான பதில்

திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் இடையிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து, விவசாயம் செய்யும் தந்தை ஒருவர் கேட்டிருக்கிறார். கும்பகோணத்துக்கு அருகில் மணமுடித்துக் கொடுத்த மகளுக்கு இது முதல் கர்ப்பம்; 31 வாரம் நடக்கிறது. சென்ற வாரப் பரிசோதனையில் இரத்த அழுத்தம் 148/96 இருந்திருக்கிறது. சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் இல்லை. லேபெட்டலால் என்ற பிரஷர் மாத்திரையை 100 மில்லிகிராம் காலை, இரவு என எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாமியார் வீட்டில், மாத்திரை பிள்ளையைப் பாதிக்கும், உப்பைக் குறைத்தால் போதும் என்கிறார்கள். இம்மாதக் கடைசியில் வளைகாப்பு. அதை முடித்து மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரலாமா, சுகப்பிரசவத்துக்கு வழி உண்டா, இந்த பிரஷர் ஆயுளுக்கும் நிற்குமா என்பவை அவருடைய கேள்விகள்.

ஐயா, டெல்டா மாவட்ட அரசு மருத்துவமனைகளின் பேறுகாலப் பிரிவுகளில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். நேரில் பார்க்கும் மருத்துவரின் சொல்லுக்கு இது மாற்றாகாது. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய வரி, 'மற்றபடி அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை' என்பது. நன்றாகச் சாப்பிடுகிறாள், நடமாடுகிறாள், ஆகவே பெரிதாக ஒன்றுமில்லை என்ற எண்ணம் அந்த வரிக்குள் இருக்கிறது. கர்ப்பகால இரத்த அழுத்தம் ஆரம்பத்தில் வலி தருவதில்லை, மயக்கம் தருவதில்லை, காய்ச்சல்போல் உடம்பைத் தொட்டாலும் தெரிவதில்லை. கையில் பட்டையைக் கட்டி அளந்தால் மட்டுமே தெரிகிறது. தொந்தரவு வெளியே தெரியத் தொடங்கும்போது நோய் பல படிகளைக் கடந்திருக்கும். எனவே உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் என் பதில், அளப்பது ஒரு நாளும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதைச் சுற்றியே வரும்.

கர்ப்பிணிக்கு மேல் அளவு 140-ஐயோ கீழ் அளவு 90-ஐயோ எட்டி, குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில் மறுபடி அளந்தாலும் அப்படியே இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம். 160/110 தீவிர நிலை. அங்கே மறுநாளைக்குக் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. 20 வாரத்துக்கு முன்பே உயர்ந்திருந்தால் அது பெரும்பாலும் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே இருப்பது. 20 வாரத்துக்குப் பிறகு புதிதாக ஏறினால் கர்ப்பத்தால் வந்தது. உங்கள் மகளுக்கு முன் மாதங்களில் அளவு சரியாக இருந்ததாக எழுதியிருப்பதால் அவர் இந்த வகையில் வருகிறார். இதனுடன் சிறுநீரில் புரதம் இறங்கினாலோ, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்தாலோ, கல்லீரலோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டதாகப் பரிசோதனை காட்டினாலோ அதற்குப் பெயர் ப்ரீஎக்லாம்ப்சியா. வலிப்பு வந்துவிட்டால் எக்லாம்ப்சியா; நம் பக்கத்துப் பெரியவர்கள் பிரசவ ஜன்னி என்று சொல்லி நடுங்கியது அதைத்தான். இன்று உங்கள் மகள் முதல் படியில் இருக்கிறார். ஆனால் 34 வாரத்துக்கு முன்பே ஏறும் அழுத்தம் அடுத்த படிக்குப் போகும் வாய்ப்பு, கடைசி மாதத்தில் ஏறுவதைவிட அதிகம். அதனால்தான் இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று சொல்லாமல், வாரந்தோறும் வரச் சொல்லியிருப்பார்கள்.

இது ஏன் வருகிறது என்பதைக் கடைமடை விவசாயியான உங்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும், வாய்க்காலைத் தூர்வாரி அகலப்படுத்தாவிட்டால் உங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்து சேராது. கர்ப்பத்தின் முதல் பாதியில் கருப்பைச் சுவரிலுள்ள சுருள் வடிவத் தமனிகளை நஞ்சுக்கொடியின் செல்கள் ஊடுருவி அகலமான வாய்க்கால்களாக மாற்ற வேண்டும். சிலருக்கு இந்த வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. நஞ்சுக்கொடிக்கு இரத்தம் போதுமான அளவு எட்டுவதில்லை. ஒப்புமை இத்துடன் நிற்க வேண்டும். ஏனென்றால் அழுத்தம் ஏறுவது வாய்க்கால் அடைத்துத் தண்ணீர் தேங்குவதுபோல் அல்ல. பட்டினி கிடக்கும் நஞ்சுக்கொடி சில பொருள்களைத் தாயின் இரத்தத்தில் கலந்துவிடுகிறது, அவை உடம்பு முழுவதுமுள்ள இரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. மூளை, கல்லீரல், சிறுநீரகம், கண் என்று சம்பந்தமில்லாதவைபோல் தோன்றும் இடங்களிலெல்லாம் இது தலைகாட்டுவதற்குக் காரணம் அதுதான். கோபப்பட்டதால், கவலைப்பட்டதால், மாமியார் வீட்டில் ஏதோ சொன்னதால் வந்தது என்று யார் மீதும் பழி போட வேண்டாம். வேர் நான்காவது, ஐந்தாவது மாதத்திலேயே விழுந்துவிட்டது. முதல் கர்ப்பம், இரட்டைப் பிள்ளை, சர்க்கரை நோய், சிறுநீரக நோய், உடற்பருமன், முன் பிரசவத்திலோ தாய்க்கோ சகோதரிக்கோ இது இருந்திருப்பது ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன.

அடுத்து உப்பு விஷயம். இங்கே நம் பேச்சு வழக்கே ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது. சிறுநீரில் அல்புமின் இருப்பதை ஊரில் 'யூரின்ல உப்பு' என்கிறார்கள். சில இடங்களில் ஆய்வகத்தில் இருப்பவர்களும் அப்படியே சொல்லி அனுப்புகிறார்கள். உப்பு இறங்குகிறது என்றால் உப்பைக் குறை என்று வீட்டில் முடிவு கட்டுவது இயல்பே. ஆனால் இறங்குவது உப்பு அல்ல, புரதம். சோற்றில் உப்பைக் குறைப்பதால் அது நிற்பதில்லை. உப்பில்லாப் பத்தியம் ப்ரீஎக்லாம்ப்சியாவைத் தடுப்பதாகவும் ஆய்வுகள் காட்டவில்லை. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் ஆகியவற்றை அளவோடு வைத்துக்கொள்வது எவருக்கும் நல்லது, அந்த மட்டில் சரி. உப்பே இல்லாத சோற்றைப் பிசைந்துவிட்டுப் பாதி வயிற்றோடு எழுந்திருக்கும் கர்ப்பிணிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் இழந்தது முட்டையும் பருப்பும் மீனும்தான். வாழைத்தண்டுச் சாறு, நீர்முள்ளிக் கஷாயம், பார்லிக் கஞ்சி எல்லாம் காலில் கோத்த நீரை வடிக்கும் என்று கொடுக்கிறார்கள். பார்லியாலும் வாழைத்தண்டாலும் கெடுதல் இல்லை, ஆனால் அவை சிகிச்சையும் இல்லை. கஷாயங்களைக் கர்ப்பத்தில் மருத்துவரிடம் கேட்காமல் தர வேண்டாம். நாள் முழுக்கப் படுத்தே கிடக்க வேண்டும் என்பதும் பழைய பாடம். படுக்கையே கதி என்றிருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. நாற்று நடவு, தண்ணீர்க் குடம் தூக்குவது போன்ற கடின வேலைகளைத் தவிர்த்து, வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கலாம்.

மாத்திரையைப் பற்றி உறுதியாகவே சொல்கிறேன். லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகிய மூன்றும் கர்ப்பிணிகளுக்குப் பல்லாண்டுகளாகக் கொடுத்துப் பழகியவை. நாக்பூரில் இரண்டு அரசு மருத்துவமனைகளில், தீவிர இரத்த அழுத்தம் இருந்த 894 கர்ப்பிணிகளுக்கு இம்மூன்றையும் வாய்வழியாகக் கொடுத்து ஒப்பிட்டு, முடிவை 2019-இல் வெளியிட்டார்கள். மூன்றுமே பெரும்பாலோருக்கு அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தன. விலையுயர்ந்த தனியார் சிகிச்சை கிடைத்தால்தான் பிழைப்பாள் என்று அஞ்சும் குடும்பங்களுக்கு இதை நான் சொல்வதுண்டு. மிதமான அழுத்தத்துக்கும் மருந்து தர வேண்டுமா, தந்தால் குழந்தையின் வளர்ச்சி குன்றுமா என்ற ஐயம் மருத்துவர்களுக்கே நெடுநாள் இருந்தது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே அழுத்தம் இருந்த 2,400-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2022-இல் வந்தது. 140/90-க்குக் கீழே வைத்திருக்கும்படி மருந்து கொடுத்தவர்களுக்குச் சிக்கல்கள் குறைந்தன, குழந்தைகளின் எடையும் அதனால் குறையவில்லை. உங்கள் மகளின் வகை சற்று வேறு என்றாலும், மாத்திரை பிள்ளையை வாட்டிவிடும் என்ற அச்சத்துக்கு இது நல்ல பதில்.

மகளுக்கு ஆஸ்துமா, இளைப்பு இருந்தால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். லேபெட்டலால் அவர்களுக்கு ஆகாது. வீட்டில் பாட்டனாரோ மாமனாரோ சாப்பிடும் பிரஷர் மாத்திரையை, தீர்ந்துபோன நாளில் அவசரத்துக்கு என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்றவை மற்றவர்களுக்கு நல்ல மருந்துகள். வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்துக்கோ அவை கேடு. அளவு 130-க்கு இறங்கிவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்துவதும் கூடாது, இறங்கியதே மாத்திரையால்தான். ஆஸ்பிரின் பற்றி யாராவது சொல்லியிருக்கக்கூடும். அது ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 12-ஆம் வாரம் முதல் 16-ஆம் வாரத்துக்குள் தொடங்கவேண்டிய தடுப்பு. இப்போது தொடங்கிப் பயனில்லை. அரசு தரும் கால்சியம் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் தொடரட்டும், இரண்டையும் ஒரே வேளையில் விழுங்காமல் இருந்தால் சரி.

அளப்பதிலும் ஒழுங்கு வேண்டும். பேருந்திலிருந்து இறங்கி வெயிலில் நடந்துவந்த கையோடு அளந்தால் கூடுதலாகக் காட்டும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேலே இருக்கும் கையில் அளந்தால் குறைவாகக் காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் பட ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சின் உயரத்தில் வைத்து அளக்க வேண்டும். கை பருத்தவர்களுக்குப் பெரிய பட்டை வேண்டும். வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்குவதாயிருந்தால் மணிக்கட்டில் கட்டுவதை வாங்காதீர்கள். மேற்கையில் கட்டும் மெஷினை வாங்கி, ஒரு முறை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் 135/85-ஐத் தாண்டினால் அதையே உயர்வு என்று கொள்ள வேண்டும்.

சில அறிகுறிகளுக்கு, மெஷின் என்ன சொன்னாலும், எந்த நேரமானாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடாத தலைவலி, கண் மங்குவது, கண்முன் பூச்சி பறப்பதுபோலத் தெரிவது, மூச்சு வாங்குவது, பிள்ளை அசைவு குறைவது, இரத்தப்போக்கு ஆகியவை அவை. காலில் மட்டும் வீக்கம் நிறைமாதத்தில் பலருக்கும் உண்டு. முகமும் விரல்களும் திடீரென்று உப்பி மோதிரம் கழலாமல் போனால் அது வேறு. இவற்றுள் பெரிதும் ஏமாற்றுவது மேல்வயிற்றின் வலப்பக்கம் வரும் வலி. வாயுப்பிடிப்பு என்று ஓமத்தண்ணீர் கொடுத்து ஓர் இரவைக் கடத்திவிடுகிறார்கள். அந்த வலி கல்லீரல் வீங்குவதாலும் வரலாம், அப்போது தட்டணுக்களும் சரிந்துகொண்டிருக்கும். வலிப்பே வந்துவிட்டால் கையில் சாவி கொடுப்பது, வாயில் கரண்டி திணிப்பது, பேய் பிடித்தது என்று மந்திரிக்க அழைப்பது எதுவும் வேண்டாம். இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். அழைக்கும்போதே கர்ப்பிணி, பிரஷர், வலிப்பு என்ற மூன்று சொற்களையும் சொல்லிவிடுங்கள்.

மருத்துவமனையில் இதற்குத் தரும் மருந்து மெக்னீசியம் சல்ஃபேட். விலை மிகக் குறைந்த ஓர் உப்பு அது. உப்பைப் பற்றி இவ்வளவு பேசிய இடத்தில் இதையும் சொல்லத்தான் வேண்டும். 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களிடம் நடத்தி 2002-இல் வெளியான ஆய்வு, ப்ரீஎக்லாம்ப்சியா உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பை இது பாதிக்கு மேல் குறைப்பதைக் காட்டியது. முதல் தவணை ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டு மேலே அனுப்பலாம். 'ஊசி போட்டுவிட்டுக் கைகழுவிவிட்டார்கள்' என்று சண்டையிடும் உறவினர்களுக்கு, வழியில் வலிப்பு வராமல் காத்தது அந்த ஊசிதான் என்பது தெரிவதில்லை.

இனி வளைகாப்பு. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ கண்ணாடி வளையல் அடுக்கி, கலவைச் சாதம் கட்டி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது நல்ல வழக்கம். ஓய்வும், மனம் நிறைந்த கவனிப்பும் அவளுக்குக் கிடைக்கிற காலம் அது. ஆனால் இரத்த அழுத்தம் தலைதூக்கும் காலமும் சரியாக அதுவே. ஐந்து மாதமாக அவளைப் பார்த்துவந்த கிராம சுகாதாரச் செவிலியரின் கணக்கில் அவள் ஊருக்குப் போனவள். இங்குள்ள செவிலியரின் கணக்கில் இன்னும் வந்து சேராதவள். இந்த இடைவெளி இரண்டு மூன்று வாரம் நீண்டுவிடுவதுண்டு. வலிப்போடு வந்த பெண்களின் அட்டையைப் புரட்டும்போதெல்லாம், கடைசியாக அளந்த தேதிக்குப் பக்கத்தில் ஒரு வளைகாப்புத் தேதி இருக்கிறதா என்று கேட்பது எனக்குப் பழக்கமாகவே போயிற்று. பல முறை இருந்தது. கர்ப்பத்தைப் பதியும்போது அரசு தரும் பிக்மி எண்ணை எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், பிறப்புச் சான்றிதழுக்கும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அதைக் கேட்பார்கள் என்பதால். அழுத்தம் எழுதிய பக்கத்தைத்தான் பீரோவில் மறந்துவிட்டு வருகிறார்கள்.

ஆகவே அழைத்து வரலாம், ஆனால் ஒழுங்கோடு. வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னதாக அளவும் சிறுநீரும் பார்த்து, தட்டணு, கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனைகளும் குழந்தை வளர்ச்சிக்கான ஸ்கேனும் முடிந்திருக்கட்டும். அளவு 150-க்கு மேல் ஏறியிருந்தாலோ, அல்புமின் புதிதாகத் தென்பட்டாலோ, பந்தல் போட்டிருந்தாலும் பயணத்தைத் தள்ளிவையுங்கள். சடங்கை மாமியார் வீட்டிலேயே நடத்திக்கொண்டு மகளை அங்கேயே விட்டுவரலாம். உங்கள் மனைவி அங்கே போய்த் தங்கலாம். எல்லாம் சரியாக இருந்து அழைத்து வந்தால், வந்த மறுநாளே உங்கள் ஊர்ச் செவிலியரிடம் தாய் சேய் நல அட்டையைக் காட்டிப் பதிந்து அளக்கச் செய்யுங்கள். மாதந்தோறும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளை மருத்துவர் பார்க்கும் நாள். அதற்காகக் காத்திருக்காமல் வாரம் ஒருமுறை நீங்களே அழைத்துப் போங்கள்.

பிரசவம் எங்கே என்பதை இப்போதே தீர்மானித்துவிடுங்கள். இரவில் சிசேரியன் செய்யும் வசதி, இரத்த வங்கி, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு மூன்றும் உள்ள இடமாக இருக்க வேண்டும். உங்கள் ஊருக்குத் திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஒரத்தூரிலுள்ள நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் உள்ளன. கும்பகோணம் பக்கமே இருந்துவிட்டால் தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனை இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக டெல்டாவின் பிள்ளைப்பேறு பார்த்த இடம். பிரசவ நாள் ஐப்பசி, கார்த்திகையில் விழுமானால் இன்னொன்றையும் எண்ண வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தபோது மரங்கள் விழுந்து உங்கள் பக்கத்துச் சாலைகள் கிடந்த கிடை உங்களுக்கு நினைவிருக்கும். புயல் எச்சரிக்கை வந்தால், வலி வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள்.

சுகப்பிரசவம் நிச்சயமாகச் சாத்தியம். அழுத்தம் கட்டுக்குள் இருந்து வேறு சிக்கல் இல்லாவிட்டால் 37 வாரம் முடிந்ததும் வலி வரவழைப்பார்கள். 40 வாரம் வரை இழுக்க மாட்டார்கள், நீங்களும் இழுக்கச் சொல்லாதீர்கள். தீவிர ப்ரீஎக்லாம்ப்சியாவாக மாறினால் பெரும்பாலும் 34 வாரத்திலேயே முடித்துவிடுவார்கள், நிலைமை மோசமானால் அதற்கும் முன்பே. குறைமாதக் குழந்தையின் நுரையீரல் வலுப்பட டெக்ஸாமெத்தசோன் போன்ற ஊசிகளைத் தாய்க்குப் போடுவார்கள். நோயின் மூலம் நஞ்சுக்கொடி என்பதால் அதை வெளியேற்றுவதுதான் முடிவான சிகிச்சை. நல்ல நாள், நட்சத்திரம் பார்ப்பதற்கு இந்த நோய் இடம் தராது.

குழந்தை பிறந்த அன்றே எல்லோரும் நிம்மதியடைகிறார்கள். அதில்தான் இரண்டாவது இடைவெளி விழுகிறது. இரத்த அழுத்தம் பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் மறுபடி உச்சத்துக்கு ஏறும். அந்த நாட்களில் பெண் வீட்டில் பத்தியத்தில் இருப்பாள். தலை வலிக்கிறது என்றால் பச்சை உடம்பு, குளிர்ந்த காற்று பட்டுவிட்டது, தலையில் நீர் கோத்துவிட்டது என்று சாம்பிராணி போட்டு, காதில் பஞ்சு வைத்து, தண்ணீரையும் அளந்து கொடுப்பார்கள். வலிப்பு பிரசவத்துக்குப் பிறகும் வரும், பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களில், சில வேளை வாரங்கள் கழித்தும். எனவே வீடு வந்த பின் பத்து நாளைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது அளந்து எழுதுங்கள், தலைவலி என்றால் முதலில் பட்டையைக் கட்டுங்கள், சாம்பிராணி பிறகு ஆகட்டும். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கட்டும். லேபெட்டலாலும் நிஃபெடிபினும் பால் கொடுப்பதற்குத் தடையில்லை. கர்ப்பத்தில் ஆகாது என்று மேலே சொன்ன எனலாப்ரிலைக்கூட இப்போது மருத்துவர் எழுதக்கூடும். அதைக் கண்டு பதற வேண்டாம்.

ஆயுளுக்கும் நிற்குமா என்று கேட்டீர்கள். பெரும்பாலோருக்கு மூன்று மாதத்துக்குள் இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகும் 140/90 இருந்தால் அது தனி நோயாகத் தங்கிவிட்டது என்று பொருள், மருந்து தொடர வேண்டும். இறங்கியவர்களுக்கும் பிற்காலத்தில் இரத்த அழுத்தமும் மாரடைப்பும் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட அதிகம் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை அளக்க வேண்டும். அடுத்த கர்ப்பம் உறுதியான உடனேயே இந்த வரலாற்றைச் சொன்னால், ஆஸ்பிரின் தர வேண்டுமா என்பதை 12-ஆம் வாரத்திலேயே மருத்துவர் தீர்மானித்துவிடுவார். அந்த மூன்றாம் மாதப் பரிசோதனை விழும் நேரத்தில்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெண் புகுந்த வீட்டுக்குத் திரும்புவாள். அழுத்தம் எழுதிய பக்கத்தையும் மருத்துவமனை தந்த வெளியேற்றக் குறிப்பையும் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து, அவள் பையில் நீங்களே வைத்து அனுப்புங்கள்.